சுகமா இருக்கீங்களா?



இந்த வாரம் நாம் படிக்க எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறு கேள்வி. கோயில் வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் லயத்து இஸ்தோப்பிலும் தினந்தோறும் பத்துப் பேரிடம் நாம் கேட்கும் கேள்விதான்: "சுகமா இருக்கீங்களா?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிடுகிறோம். பதில் சொல்கிறவருக்கும் அது தெரியும். ஆகையால் அவரும் வழக்கமான ஒரு வார்த்தையைச் சொல்லி நம்மை வழியனுப்பிவிடுகிறார்.

"சுகம்" என்பது பெரிய சொல். நோய் இல்லாதிருப்பதும் சுகம். வந்த நோய் தீர்வதும் சுகம். மன நிம்மதியும் சுகம். பிள்ளை குட்டிகளோடு கவலையில்லாமல் காலம் போவதும் சுகம். நோயோ பலவீனமோ இல்லாதிருப்பது மட்டும் ஆரோக்கியமாகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் நிறைவாக இருப்பதே ஆரோக்கியம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு கூறுகிறது. அந்த யாப்பு நடைமுறைக்கு வந்தது 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி. நம் பாட்டிமார் அதற்கு வெகு காலம் முன்பே அத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருந்தார்கள்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "ஏதோ ஓடுது சாமி." "வயசாச்சில்ல, இப்படித்தான் இருக்கும்." "ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்." நான்காவதாக ஒரு பதிலும் உண்டு, அது அபூர்வம். "முடியல சாமி" என்பது. இந்த நாலாவது பதிலைச் சொல்கிறவரை நாம் எப்படி நடத்துகிறோம்? வீட்டார், "அது எப்பவும் இப்படித்தான் பொலம்பும்" என்கிறார்கள். மருந்து கொடுக்கிறவரும் இரண்டு பெனடோல் வில்லைகளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

முதியவர் தம் சுகத்தைப் பற்றித் தாமே சொல்லும் வார்த்தை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? இதுவே நமது பாடம். விஞ்ஞானம் இந்த விடயத்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறது.

கனடாவில் கேட்ட கேள்வி

கனடாவில் மனிற்றோபா என்று ஒரு மாகாணம். அங்கே 1971ஆம் ஆண்டில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சுகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் வயதுக்கு உங்கள் சுகம் எப்படி இருக்கிறது, மிக நன்றா, நன்றா, சுமாரா, மோசமா என்பதுதான் கேள்வி. பின்னர் அவர்களில் யார் யார் இறந்தார்கள், எப்போது இறந்தார்கள் என்று ஏழு ஆண்டுகள் வரை கணக்கு வைத்தார்கள். மொஸி, ஷப்பிரோ என்ற இரு ஆராய்ச்சியாளர் 3,128 பேரின் விபரங்களைச் சேர்த்து 1982இல் முடிவை வெளியிட்டனர். "மோசம்" என்று சொன்னவர்களுக்கு மரண அபாயம், "மிக நன்று" என்று சொன்னவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

இதில் என்ன அதிசயம், நோயாளி தான் நோயாளி என்று தெரிந்துதானே சொல்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சியாளரும் அதைத்தான் முதலில் நினைத்தார்கள். ஆகவே வயதையும், ஆணா பெண்ணா என்பதையும், வைத்தியர்கள் பதிவு செய்திருந்த நோய்களையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் பார்த்தார்கள். அப்படிக் கழித்த பிறகும் வித்தியாசம் அப்படியே நின்றது. வைத்தியரின் ஏட்டில் இல்லாத ஏதோ ஒன்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! 1997இல் ஐட்லர், பெனியாமினி என்ற இருவர் பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே உண்மை தென்பட்டது.

காரணம் என்ன? ஒருவர் தம் உடம்போடு எழுபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். போன வருடம் ஒரே மூச்சில் ஏறிய படிக்கட்டில் இவ்வருடம் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருப்பது அவருக்குத்தான் தெரியும். சோறு இறங்காமல் போனது, இரவில் மூன்று முறை எழுந்தது, தகப்பனார் எந்த வயதில் எப்படி இறந்தார் என்பது, விழுந்துவிட்டால் தூக்கிவிட வீட்டில் ஆள் உண்டா இல்லையா என்பது, இவையெல்லாம் இரத்தப் பரிசோதனையில் தெரியாது. அவர் மனதிற்குள் இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரே வார்த்தையில் விடை சொல்கிறார். "முடியல" என்ற வார்த்தைக்குள் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. ஆகையால் ஒரு முதியவர் புதிதாக "முடியல" என்று சொல்லத் தொடங்கினால் அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அவரை வைத்தியரிடம் கூட்டிச்செல்ல அந்த ஒரு வார்த்தையே போதுமான காரணம்.

குறை சொல்லாதவர் சுகமானவரா?

மேலே சொன்னது பாடத்தின் ஒரு பாதிதான். மற்றப் பாதி நம் மலைநாட்டுக்கு இன்னும் நெருக்கமானது.

பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 2002ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இந்திய மாநிலங்களில் எங்கே மக்கள் தங்களுக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள் என்று பார்த்தால், கேரளம் முன்னால் நிற்கிறது. பீகாரில் அப்படிச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. அப்படியானால் பீகார் மக்கள்தாம் அதிக சுகத்தோடு வாழ்கிறார்களா? ஆயுட்காலத்தைப் பார்த்தால் கதை தலைகீழ். கேரளத்தில் மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். பீகாரில் ஆயுள் குறைவு. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால் அங்கே நோய் சொல்வோர் கேரளத்தைவிடவும் அதிகம். படிப்பும் வைத்திய வசதியும் உள்ள இடத்தில் மனிதர் தம் நோயை இனங்கண்டு பேசுகிறார்கள். அவை இல்லாத இடத்தில் நோய் வாழ்க்கையின் பகுதியாகிவிடுகிறது. அதற்குப் பெயரும் இல்லை, முறைப்பாடும் இல்லை.

அதே அறிஞர் முன்னர் எடுத்துக்காட்டிய இன்னொரு கணக்கு என் மனதைவிட்டு நீங்குவதில்லை. வங்காளத்தின் பெரும் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்குச் சமீபமான சிங்கூர் பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 100க்கு 48.5 பேர், தங்களுக்குச் சுகமில்லை அல்லது சுகம் போதாது என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 100க்கு 2.5 பேர்! வங்காளத்து விதவைகளின் நிலையை அறிந்தவர் எவரும் அவர்கள் ஆண்களைவிட இருபது மடங்கு சுகமாயிருந்தார்கள் என்று நம்பமாட்டார்கள். தம் சுகம் ஒரு பொருட்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டவருக்கு அவர்கள் பொய் சொல்லவுமில்லை. உண்மையாகவே "ஒன்றுமில்லை" என்றுதான் நினைத்தார்கள்.

இப்போது நம் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து "ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் பாட்டியை நினைத்துப் பாருங்கள்.

பேர் இருந்தால் சுகம்

நம் தோட்டங்களில் சுகத்திற்கு ஓர் அளவுகோல் இருந்துவந்திருக்கிறது. அதற்குப் "பேர்" என்று பெயர். காலையில் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, நிறை கொழுந்து எடுத்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். பேர் விழுந்தால் அன்று அந்த மனுஷிக்குச் சுகம்; விழாவிட்டால் சுகமில்லை. தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, காலில் அட்டை, மேலே மழை. இப்படி நாற்பது ஆண்டுகள் செய்த ஒருவருக்குக் கழுத்தும் முதுகும் முழங்காலும் தேயாமல் இருக்குமா? ஆண்களுக்கோ கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு. ஆனால் அந்த நோவை நோய் என்று எண்ண இடமில்லை. அது வேலையின் கூலியோடு சேர்ந்தே வந்தது. நோயென்றால் படுத்துவிடவேண்டும். எழுந்து நடக்க முடிந்தால் நோயில்லை. இதுதான் தோட்டத்து இலக்கணம்.

இந்த இலக்கணத்தை அறியாமை என்று நாம் தள்ளிவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் முதுமையைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, ஒரு முதியவருக்கு எத்தனை நோய்கள் உண்டு என்று எண்ணுவதைவிட, தமக்கு முக்கியமானவற்றைச் செய்ய அவரால் முடிகிறதா என்று பார்க்கவேண்டும் என்கிறது. "கொழுந்தெடுக்க முடியுது, அதனால நல்லா இருக்கேன்" என்பவர் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார். சங்கடம் வருவது பிறகுதான். ஒரு நாள் அந்த வேலை நின்றுவிடுகிறது. செக்ரோலில் இருந்து பேர் வெட்டப்படுகிறது. நேற்றுவரை சுகத்தை அளந்துகொண்டிருந்த கோல் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக வேறொரு கோல் அவருக்குக் கிடைப்பதில்லை. சிலர் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கத் திரும்பவும் மலைக்குப் போகிறார்கள். காசுக்காக என்று சொல்வார்கள். காசும் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் "இன்னும் நான் ஆள்தான்" என்று காட்டவும் போகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று எழுபத்தைந்து வயதில் இருப்பவர்கள் 1950ஐ அடுத்துப் பிறந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான பெற்றோருக்குப் பிள்ளைகள். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, உடன்பிறந்தவர்களில் ஒருவர் இந்தியாவுக்கும் ஒருவர் இங்குமாகப் பிரிந்ததைப் பார்த்தவர்கள். 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் இளம் தாய்தகப்பனாக இருந்தவர்கள்; தோட்டங்களில் பட்டினியால் உயிர்கள் போனதைக் கண்டவர்கள். தங்கள் இன்றைய நிலையை அவர்கள் எதனோடு ஒப்பிடுகிறார்கள்? "அந்தப் பஞ்சத்துல பார்த்ததுக்கு இது சொர்க்கம் சாமி" என்கிறார்கள். ஒப்பிடும் இடம் அவ்வளவு தாழ்வாக இருந்தால், எந்த நிலையும் சுகமாகத்தான் தோன்றும்.

வலிக்கு எத்தனை பெயர்கள்!

தோட்டத்து முதியவர்கள் நோவைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் அவர்களிடம் உள்ள சொல்வளம் வைத்தியக் கல்லூரியில்கூடக் கிடையாது. உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு, குத்து, இழுப்பு, எரிவு, மரமரப்பு, அசதி, ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி நேரம். குளிர் காலத்தில் இரவில் முழங்காலில் வருவது குடைச்சல். பகல் முழுவதும் கூடை சுமந்தபின் கால் முழுவதும் பரவுவது உளைச்சல். உள்ளங்கால் எரிந்து பின் மரத்துப்போவது சீனி வியாதியின் அடையாளமாக இருக்கலாம். நெஞ்சில் குத்து என்றால் வாயுவாகவும் இருக்கலாம். பாரமாக அடைத்து இடது கைக்கு இறங்கினால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

இந்தச் சொற்களெல்லாம் கிளினிக் வாசலோடு நின்றுவிடுகின்றன. நமது பக்கத்து வைத்தியர்களில் பலர் சிங்களம் பேசுகிறவர்கள், அன்பாகவே கேட்கிறவர்கள். ஆனால் பாட்டி சொல்லும் உளைச்சலும் குடைச்சலும், வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரின் அவசர மொழிபெயர்ப்பில் "கால் வலி" என்று ஆகிவிடுகின்றன. மூன்றாம் முறை பாட்டி அதையும் சொல்வதை விட்டுவிடுகிறார். "டாக்டரையா நல்ல மனுஷன், அவருக்கு எதுக்குத் தொந்தரவு" என்கிறார். வெட்கமும் ஒன்று உண்டு. சிறுநீர் அடக்க முடியாமை, கர்ப்பப்பை இறங்கியிருத்தல் முதலியவற்றைப் பல பிள்ளைகள் பெற்ற தாய்மார் ஆண் வைத்தியரிடமோ, மொழிபெயர்க்கும் பேரனிடமோ சொல்லவே மாட்டார்கள்.

உடம்பே சொல்லாத நோய்களும் உள்ளன. இங்கே நான் முன்னர் சொன்னதற்கு ஓர் எல்லை போடவேண்டும். முதியவரின் வார்த்தை பெருமதியானது. ஆனால் வலிக்காத நோயை அவரால் எப்படிச் சொல்லமுடியும்? இரத்த அழுத்தம் வலிக்காது. சீனி வியாதி தொடக்கத்தில் வலிக்காது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களின் கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெள்ளைப் படை அநேகமாக வலிப்பதில்லை. அது வாய்ப் புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். வாய் முன்போல் அகலத் திறக்க முடியவில்லை என்றாலும் அப்படியே. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 1985இலேயே அறிவித்துவிட்டது. பாக்கு மட்டுமே போதும், புகையிலை இல்லாவிட்டாலும் கெடுதிதான் என்று 2004இல் சொன்னது. மலையில் குளிருக்கும் பசிக்கும் துணையாக வெற்றிலைப் பையைக் கொண்டுபோன மக்களுக்கு இது கசப்பான செய்தி. திட்டுவதால் பயனில்லை. வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பதால் பயனுண்டு.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கண்ணுல பூ விழுந்திருச்சு, வயசானா அப்படித்தான்" என்று சொல்லிச் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவர்கள் எத்தனை பேர்! அது பெரும்பாலும் கண்புரை. சத்திரசிகிச்சை செய்தால் திரும்பவும் பார்வை வரும். அரசாங்க வைத்தியசாலையில் செய்கிறார்கள். இருமலும் இப்படித்தான். காற்றோட்டமில்லாத லயக் காம்பராவில் விறகடுப்புப் புகையை ஐம்பது ஆண்டுகள் சுவாசித்த தாய்க்கு நெஞ்சுச் சளி நிரந்தரமாகிவிட்டால், அதற்குக் காரணம் வயது என்று சொல்வது புகைக்குச் செய்யும் உபகாரம்.

மனசு சரியில்லை

சரீரத்தை விட்டு மனதிற்கு வருவோம். "மனச்சோர்வு" என்ற சொல்லைத் தோட்டத்து முதியவர் எவரும் உபயோகிப்பதில்லை. தூக்கம் வரவில்லை, சோறு பிடிக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் அசதி என்பார்கள். மனம் பேசமுடியாததை உடம்பு பேசுகிறது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். மருமகள் மத்திய கிழக்கில். அறுபத்தெட்டு வயதில் பாட்டி இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு மறுபடியும் தாயாகிறார். அதில் ஒரு சந்தோஷமும் உண்டு, "என்னால இன்னும் தேவையிருக்கு" என்ற எண்ணம். சந்தோஷம் என்றே நாமும் மேடையில் பேசிவிடுகிறோம். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வாகனம் வராத தோட்டப் பாதையில் நிற்பவருக்கு அது வேறு விதமாகத் தெரியும்.

முதுமையைப் பற்றி முதியவர் என்ன நினைக்கிறார் என்பதும் ஆயுளைத் தொடுகிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிறு பட்டினத்தில், 50 வயதைத் தாண்டிய 660 பேரிடம் 1975இல், வயதாக வயதாக நான் பயனற்றவனாகிறேனா என்பது போன்ற கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. பெக்கா லெவி என்ற பேராசிரியை அந்தப் பழைய பதில்களை எடுத்து, அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு பொருத்திப் பார்த்து 2002இல் வெளியிட்டார். முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரி ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அமெரிக்கப் பட்டினத்து முடிவை அப்படியே நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் பொருத்தக்கூடாது. இருந்தாலும், நாள்தோறும் "கெழடு", "சும்மா கெட" என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் தம்மைப் பற்றி என்ன எண்ணுவார் என்று நாம் யோசிக்கலாம். தோட்டத்தில் இந்த வார்த்தைகளைக் கோபமில்லாமல், செல்லமாகவேகூடச் சொல்கிறோம். காதில் விழுவது ஒன்றுதானே.

கேட்கும் விதம்

மரியாயின் சேனையிலும் வின்சென்ட் டி போல் சபையிலும் உள்ளவர்கள் வீடு சந்திக்கப் போகிறீர்கள். இளைஞர் மன்றத்தாரும் போகலாம். "சுகமா?" என்று கேட்பதை விடவேண்டாம், அது மரியாதை. ஆனால் அதோடு நிறுத்தாமல் உட்காருங்கள். கொடுக்கும் தேத்தண்ணியைக் குடியுங்கள். பிறகு வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். "கோயிலுக்கு நடந்து வர எத்தனை எடத்துல உட்கார்றீங்க அப்பாயி? போன வருஷம் எத்தனை எடம்?" "பீலியில இருந்து தண்ணி யாரு தூக்கிட்டு வாறாங்க?" "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" "நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" "இந்த மழையில எப்பயாவது வழுக்கி விழுந்தீங்களா?" "கடைசியா யாருகிட்ட உக்காந்து பேசினீங்க?" இந்தக் கேள்விகளுக்கு "ஒன்னுமில்ல" என்று பதில் சொல்லமுடியாது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். போன வருடத்தோடு ஒப்பிடச் சொன்னால், பஞ்ச காலத்தோடு ஒப்பிடும் பழக்கமும் கொஞ்சம் விலகும்.

மருமகளோ மகனோ பக்கத்தில் இருக்கையில் ஒரு பதிலும், தனியாக இருக்கையில் வேறு பதிலும் வரக்கூடும். அப்போது வீட்டாரைக் குற்றவாளியாக்கப் புறப்படாதீர்கள். ஒரு காம்பராவில் ஆறு பேர், ஒருவர் சம்பளம் என்றால் அன்பு குறையாவிட்டாலும் இடம் குறைந்துபோகும்.

உரிமைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிவாக இன்னொரு வாரம். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் தோட்டத் தொழிலாளிக்கு உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் என்பது கணக்கு. பெயரில் ஓரெழுத்து மாறியிருந்ததால் பணம் கிடைக்காமல் அலைகிறவர்கள் நம் மத்தியில் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு பல வேளைகளில் உதவியிருக்கிறது, வந்து கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், தம்மைப் பராமரிக்க வழியில்லாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. அதற்கென ஒரு சபையும் உண்டு. பிள்ளைகளுக்கெதிராக அந்தச் சபைக்குப் போகும் தாய் நம் தோட்டத்தில் இல்லை என்பது வேறு விடயம். முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். அதையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோயில்பூசுதலைப் பற்றி இங்கே சொல்லாமலிருக்க முடியாது. "சாமியார் எண்ணெயோட வந்தா ஆள் போயிரும்" என்ற பயம் இன்றும் நம் லயங்களில் இருக்கிறது. முன்னாளில் அதற்கு அவஸ்தைப்பூசுதல் என்றே பெயர். அப்பெயரே பயத்தை விதைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அச்சடங்கைச் சீர்திருத்தினார். அது சாகிறவர்களுக்கு மாத்திரம் உரியதன்று. குறிப்பிட்ட பாரதூரமான நோய் இல்லாவிட்டாலும் முதுமையால் பலவீனமடைந்தவர்களும் அதைப் பெறலாம், திரும்பவும் பெறலாம். இப்பயத்தினால் சுகவீனத்தைப் பங்குத் தந்தைக்கே மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படி மறைக்கப்பட்டவர் வைத்தியரையும் காணாமலேயே இருந்துவிடுகிறார் என்பதை நாம் பல வேளைகளில் கண்டிருக்கிறோம்.

கடைசியாக, கிளினிக்குக்குத் துணை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கோயா வைத்தியசாலை 2017இல் புதிய கட்டிடத்தில் 150 கட்டில்களோடு திறக்கப்பட்டபின் நமது பக்கத்து மக்களுக்குத் தூரம் குறைந்திருக்கிறது. ஆனால் மேல் டிவிஷனில் இருந்து முழங்கால் நோவோடு இறங்கி வருகிறவருக்கு இன்னும் அது தூரந்தான். முதல் நாள் மாலையே போய்க் கிளினிக் கொப்பியையும், குடிக்கிற மருந்துகள் எல்லாவற்றையும், பக்கத்து வீட்டார் கொடுத்த வில்லைகளையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு வையுங்கள். என்னென்ன நோவு, எந்த நேரத்தில், எப்போதிருந்து என்பதை அவர் சொல்லுகிறபடியே, அவருடைய சொல்லிலேயே, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒன்று கூடப் போகட்டும். பாட்டிமாருக்கு முடிந்தவரை பெண்பிள்ளையாக இருக்கட்டும். இரத்தம் எடுப்பார்களா என்று முன்னரே கேட்டறியுங்கள். எடுப்பதென்றால் காலையில் வெறும் வயிற்றோடு போகவேண்டும். திரும்பி வரும்வரை தாங்காது, ஆகையால் ரொட்டியும் ஒரு போத்தல் தேத்தண்ணியும் பையில் இருக்கட்டும். இலக்கம் முடிந்துவிடும், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.